ஈரத் தரையும் வரைந்த கால்மிதியும்

ஒழுகுகிற குழாயை நிறுத்த ஓர் ஆள் போதும். அது ஒழுகுவதை ஆராய ஒரு மாடி முழுக்க ஆட்கள் வேண்டும் என்பது என் வீட்டுக்காரியை மருத்துவமனையில் சேர்த்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

அவள் கடைவீதிப் படிக்கட்டில் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாள். உள்ளே ஏதோ உலோகத்தை வைத்துத் தைத்த மருத்துவர் என்னை வெளியே கூப்பிட்டார்.

"தினமும் அவங்க நடக்கணும். படுத்தே இருந்தா கால் நடக்கறதையே மறந்துடும். ஆனா விழக் கூடாது. இன்னொரு தடவை விழுந்தாங்கன்னா, எப்ப நடப்பாங்கன்னு என்கிட்ட வந்து கேக்காதீங்க."

நடக்க வேண்டும், விழக் கூடாது. இதில் புரியாமல் போக எதுவும் இல்லை. ஆனால் அந்த வார்டில் நடப்பதற்கு இருந்தது ஒரே ஒரு நடைவழி. நடைவழியின் கோடியில் கழிப்பறை. கழிப்பறைக்கு முன்னால், வளைவில், கை கழுவும் தொட்டி. தொட்டியின் குழாய் ஒழுகிக்கொண்டே இருந்தது. தொட்டி நிறைந்து வழிந்த தண்ணீர், கண்ணாடி மாதிரி தேய்த்து வைத்திருந்த ஓடுகளின் மேல் சாப்பாட்டு மேசை அகலத்துக்குப் பரவி நின்றது. அதைத் தாண்டாமல் கழிப்பறைக்குப் போக வழி கிடையாது.

நான் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். ஏறுகிறவர்கள் எல்லோரும் டிக்கெட் எடுக்காமல் இறங்கப் பார்ப்பவர்கள்தான் என்று நினைத்தே பிழைப்பை ஓட்டியவன். ஆகவே இவர்கள் துடைப்பார்கள் என்று நான் காத்திருக்கவில்லை. வீட்டு வாசலில் கிடந்த கயிற்றுக் கால்மிதியை எடுத்து வந்து அந்த ஈரத்தின் மேல் போட்டேன். வீட்டுக்காரி வாக்கரை ஊன்றி அதன் மேல் நடந்து போனாள், வந்தாள். விஷயம் முடிந்தது என்று நினைத்தேன்.

மறுநாள் காலையில் கால்மிதியைக் காணவில்லை.

நர்ஸம்மாவிடம் கேட்டேன். நல்ல பெண்தான், ஆனால் பேசும்போது மேலே பார்த்துப் பேசினாள். மேலே மாடியில் ஆய்வுப் பிரிவு இருந்தது.

"அதை மேல கொண்டு போயிட்டாங்க ஐயா. அனுமதி இல்லாத தலையீடாம்."

"கால்மிதிம்மா அது."

"எனக்குத் தெரியுது. அவங்களுக்கு அது தலையீடு."

"சரி, குழாயைப் பத்தி யார்கிட்ட புகார் சொல்றது?"

"இங்க புகார் எடுக்கறதை நிறுத்தி ரொம்ப நாள் ஆச்சு. கேள்வியா மாத்திக் கொடுத்தா மேல எடுத்துக்குவாங்க."

வாசலில் மாட்டியிருந்த பலகையை அப்போதுதான் ஒழுங்காகப் பார்த்தேன். 'மருத்துவமனை' என்ற எழுத்து சின்னதாகவும் 'ஆய்வு' என்ற எழுத்து பெரிதாகவும் இருந்தது. ஆஸ்பத்திரி என்று நினைத்து ஏறிவிட்டேன். தப்பான பஸ்.

மாடிக்குப் போனேன். பிரிவுத் தலைவர் என்னை எழுந்து நின்று வரவேற்றார். என்னை எழுந்து நின்று வரவேற்கிறவர்கள் மேல் எனக்கு எப்போதும் சந்தேகம். அவர் சட்டைக்கு மேல் மடிப்புக் கலையாத வெள்ளைக் கோட்டு போட்டிருந்தார். நோயாளியைத் தொடாத கோட்டு என்று பார்த்ததுமே தெரிந்தது.

"கீழ குழாய் ஒழுகுதுங்க. தரை வழுக்குது. என் வீட்டுக்காரி விழுந்துட்டா அவ்வளவுதான்" என்றேன்.

அவர் கண்ணை மூடிக்கொண்டார். பாட்டுக் கேட்கிறவர் மாதிரி தலையை ஆட்டினார்.

"அருமை. தரை வழுக்குதுன்னு சொன்னீங்களே, அதுக்குப் பேரு கருதுகோள். உங்களுக்குத் தெரியாமலே ஒரு கருதுகோளைச் சொல்லியிருக்கீங்க."

"எனக்குத் தெரிஞ்சுதாங்க சொன்னேன். வழுக்குது."

"அது உங்க நம்பிக்கை. நிரூபிக்கிற வரைக்கும் தரை வழுக்காதுன்னுதான் நாங்க எடுத்துக்கணும்."

"நீங்களே வந்து காலை வச்சுப் பாருங்களேன்."

"நான் வச்சா அது ஒரு ஆளோட அனுபவம். ஒரு ஆளோட அனுபவத்துக்கு எங்க ஆதார ஏணியில கடைசிப் படி." சுவரில் ஒரு முக்கோணப் படம் மாட்டியிருந்தது. அதன் அடியில் கை வைத்துக் காட்டினார். "நீங்க இங்க இருக்கீங்க. நாம உங்களை மேல கொண்டு வரணும்."

"ஒரு பிளம்பரைக் கூப்பிட்டு வாஷரை மாத்தினா வேலை முடிஞ்சுதுங்க."

அவர் முகம் வாடிவிட்டது. பெரிய மனிதர் ஒருவரை அப்படி வருத்தப்பட வைத்துவிட்டோமே என்று எனக்கே ஒரு மாதிரி ஆனது.

"ஐயா, யோசிச்சுப் பாருங்க. குழாயைச் சரி பண்ணிட்டா தரை காஞ்சுடும். தரை காஞ்சா யாரும் விழ மாட்டாங்க. யாருமே விழலைன்னா, ஏன் விழறாங்கன்னு எதை வச்சுக் கண்டுபிடிக்கறது? ஒரு பிரச்சினையை அவசரப்பட்டுத் தீர்த்துட்டா அது போனது போனதுதான். திரும்பக் கிடைக்காது."

இதை அவர் கிண்டலாகச் சொல்லவில்லை. நெஞ்சில் கை வைத்துச் சொன்னார்.

அன்றைக்கே குழாய்க்கு மேல் ஓர் அட்டை தொங்கியது: 'ஆய்வில் உள்ளது. சரி செய்யாதீர்கள்.' துடைக்கிற அம்மாவுக்குக் கட்டாய விடுப்புக் கொடுத்து, துடைப்பத்தையும் வாளியையும் ஓர் அறையில் வைத்துப் பூட்டினார்கள். தானாகவே வந்து சேர்ந்த பிளம்பர் ஒருவரைக் காவலாளி கையைப் பிடித்து வாசல்வரை கொண்டுபோய் விட்டார். அந்த பிளம்பர் என்னிடம், "நான் என்னங்க தப்பு பண்ணேன்" என்று கேட்டார்.

*

ஆய்வு என்றால் உடனே ஆரம்பிக்க முடியாதாம். எந்த மாதிரி ஆய்வு என்று முதலில் தேர்ந்தெடுக்க வேண்டுமாம். அதற்கு ஒரு கூட்டம் போட்டார்கள். பிரச்சினையைக் கொண்டுவந்தவன் என்பதால் என்னையும் ஓர் ஓரத்தில் உட்கார வைத்தார்கள். தேநீர் கொடுத்தார்கள். எனக்குக் கொடுத்தது ஆறியிருந்தது.

மாடியில் இரண்டு கட்சி. ஒரு கட்சிக்கு ஆட்களை எண்ணிக் கணக்குப் போடத்தான் பிடிக்கும். இன்னொரு கட்சிக்குக் கேட்கத்தான் பிடிக்கும். இரண்டு பேரும் ஒரே மேசையில் சாப்பிட மாட்டார்கள் என்று நர்ஸம்மா முன்பே சொல்லியிருந்தாள்.

எண்ணுகிற கட்சிக்காரர் எழுந்தார். "ஏற்கெனவே விழுந்தவங்களையும் விழாதவங்களையும் பக்கத்துல பக்கத்துல வச்சு ஒப்பிடலாம். பின்னோக்கிய ஆய்வு. செலவு கம்மி."

"விழுந்தவங்களுக்கு எப்படி விழுந்தோம்னு ஞாபகம் இருக்காது" என்றார் அதே கட்சியில் இன்னொருவர். "முன்னோக்கித்தான் போகணும். வார்டுல இருக்கறவங்களை வரிசையா கவனிச்சுக்கிட்டே வருவோம். யார் யார் விழறாங்கன்னு பாப்போம்."

"எவ்வளவு காலம் பாக்கறது?"

"போதுமான பேர் விழற வரைக்கும்."

கேட்கிற கட்சி அம்மா ஒருவர் மெதுவாக எழுந்தார். கழுத்தில் பெரிய மணிமாலை. "நீங்க விழுந்தவங்களை எண்றீங்க. விழறதுன்னா அவங்களுக்கு என்னன்னு யாராவது கேட்டீங்களா? ஈரம் அவங்க வாழ்க்கையில என்ன இடம் வகிக்குது?"

நான் கையைத் தூக்கினேன். "கழிப்பறைக்கு முன்னாடி இடம் வகிக்குதுங்க."

எல்லோரும் எழுதிக்கொண்டார்கள்.

அந்த மணிமாலை அம்மா அன்று மாலையே கீழே வந்து என் வீட்டுக்காரியின் கட்டிலில் உட்கார்ந்தார். ஒலிப்பதிவுக் கருவியைத் தலையணையில் வைத்தார்.

"அம்மா, ஈரத் தரையைப் பாக்கும்போது அது உங்களுக்கு என்ன அர்த்தம் தருது?"

"வழுக்கும்னு அர்த்தம்."

"அதுக்கு அடியில? இன்னும் ஆழமா?"

"அடியில ஓடு இருக்கு. அதுவும் வழுக்கும்."

மணிமாலை அம்மா கருவியை அணைத்துவிட்டு, என் வீட்டுக்காரி மனதைத் திறக்க மறுக்கிறாள் என்று எழுதிக்கொண்டு போனார். என் வீட்டுக்காரி என்னைப் பார்த்தாள்.

"ஏங்க, இவங்க எல்லாம் யாரு?"

"ஆராய்ச்சிக்காரங்க."

"கழிப்பறைக்கு எங்க போவாங்க இவங்க?"

"மாடியில தனியா இருக்காம்."

"அதான பாத்தேன்" என்றாள்.

*

கடைசியில் தலைவர் எல்லாவற்றிலும் உயர்ந்த முறையைத்தான் எடுப்பேன் என்று முடிவு செய்தார். முக்கோணத்தின் உச்சியில் இருக்கும் முறை. நோயாளிகளைச் சீட்டுக் குலுக்கி இரண்டு குழுவாகப் பிரிப்பார்கள். ஒரு குழுவுக்குக் கால்மிதி உண்டு, இன்னொரு குழுவுக்குக் கிடையாது. யார் விழுகிறார்கள் என்று பார்ப்பார்கள்.

"கால்மிதி இருக்குன்னா எல்லாருக்கும் போட்டுடலாமே" என்றேன்.

"எல்லாருக்கும் போட்டா ஒப்பிட ஆள் வேண்டாமா?" என்றார் தலைவர். "இல்லாதவங்க இருந்தாதானே இருக்கறவங்க நல்லா இருக்காங்கன்னு தெரியும்?"

நிற்கிறவர்கள் இருந்தால்தானே உட்கார்ந்திருப்பவர்களுக்கு சீட்டின் அருமை தெரியும் என்று எங்கள் பஸ் டிப்போ மேலாளரும் ஒருமுறை சொன்னார்.

சீட்டைக் குலுக்க ஒரு சின்னப் பெண் வந்தாள். ஆய்வு உதவியாளர். எப்போதும் ஓர் அட்டையில் கட்டம் போட்ட தாளைச் செருகி மார்போடு அணைத்துக்கொண்டே நடப்பாள். நான் மனதுக்குள் அவளுக்குக் கட்டம் என்று பெயர் வைத்துவிட்டேன். கெட்ட பெண் இல்லை. கேட்டதை எழுதுவாள், எழுத இடம் இல்லாததைக் கேட்க மாட்டாள்.

பக்கத்துக் கட்டில் அக்காவுக்குக் கால்மிதிச் சீட்டு விழுந்தது. அந்த அக்காவின் இரண்டு காலையும் மேலே தூக்கிக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். அவர் கட்டிலை விட்டு இறங்கிப் பல வாரம் ஆகிறது. என் வீட்டுக்காரிக்குக் கால்மிதி இல்லை என்று விழுந்தது.

நான் கட்டத்திடம் சொன்னேன். "இந்த அக்கா நடக்கறதே இல்லைம்மா. இவங்க சீட்டை அவளுக்கு மாத்திக் கொடு."

"மாத்தக் கூடாதுங்க ஐயா. சீட்டுல என்ன வந்துச்சோ அதுதான் கணக்கு. மிதிச்சாங்களா இல்லையாங்கறது கணக்குல வராது."

"கால்மிதியை மிதிக்காதவங்க விழலைன்னா, கால்மிதியால விழலைன்னு எழுதுவீங்களா?"

"ஆமாங்க. அதுதான் முறை."

பக்கத்துக் கட்டில் அக்கா அதற்குள் தன் கால்மிதியை வாங்கிக் கட்டிலுக்கு அடியில் வைக்கச் சொல்லிவிட்டார். "என் பங்குக்கு வந்ததை நான் ஏன் விடணும்" என்றார். அதுவும் நியாயம்தான்.

நான் வீட்டுக்காரியை ஆய்விலிருந்து எடுத்துவிடப் பார்த்தேன். தலைவர் உடனே ஒத்துக்கொண்டார்.

"தாராளமா விலகலாம். எப்ப வேணும்னாலும், காரணம் சொல்லாம விலகலாம். அது நோயாளியோட உரிமை. விலகினவங்க ஏன் விலகினாங்கன்னு தனியா ஒரு ஆய்வு வச்சிருக்கோம். அதுல சேத்துக்குவோம். அதுக்கான அறை கீழதான் இருக்கு. கை கழுவற தொட்டிக்குப் பக்கத்துல."

"அங்க தரை?"

"இன்னும் கொஞ்சம் ஈரமா இருக்கும்."

விலகவில்லை.

ஆய்வு ஆரம்பித்தது. நடைவழியில் முக்காலி போட்டு ஒரு உதவியாளர் உட்கார்ந்தார். கால்மிதிக் குழுக்காரர் வந்தால் விரிப்பார். மற்றவர் வந்தால் சுருட்டிவிடுவார். முதல் நாளே ஒரு சிக்கல் வந்தது. கால்மிதி இல்லாதவர்களுக்குத் தங்களுக்கு இல்லை என்பது தெரிந்துவிடுகிறதாம். தெரிந்ததால் பார்த்து நடக்கிறார்களாம். பார்த்து நடந்தால் தரையின் உண்மையான குணம் வெளியே வராதாம்.

அதனால் ஓர் ஓவியரைக் கூட்டிவந்தார்கள். அவர் தரையிலேயே ஒரு கால்மிதியை வரைந்தார். நல்ல கைகாரர். கயிற்றுப் பின்னல், ஓரத்துக் குஞ்சம் எல்லாம் அச்சாக இருந்தது. என் வீட்டுக் கால்மிதியைப் பார்த்துத்தான் வரைந்திருக்கிறார், ஒரு மூலையில் பிரிந்திருந்த கயிறுகூட அப்படியே இருந்தது. எண்ணெய்ச் சாயம் இறுகிய பிறகு அந்த இடம் முன்பைவிட அதிகமாக வழுக்கியது.

அதிலும் சிக்கல். வெளிச்சத்தில் பார்த்தால் படம் எது, கால்மிதி எது என்று தெரிகிறது. நோயாளிக்கும் தெரியக் கூடாது, கவனிக்கிறவருக்கும் தெரியக் கூடாது, அதுதான் உயர்ந்த ஆய்வு என்று தலைவர் சொல்லிவிட்டார். ஏணி போட்டு நடைவழி விளக்குகளைக் கழற்றினார்கள். ஜன்னலில் கறுப்புத் துணி அடித்தார்கள். முக்காலிக்காரருக்கும் தெரியக் கூடாது என்று அவருக்கு ஒட்டிய உறையில் சீட்டு அனுப்பினார்கள். அவர் உறையைப் பிரித்துவிட்டு இருட்டில் படிக்க முடியாமல் உட்கார்ந்திருந்தார். யாரோ வருகிற சத்தம் கேட்டால் எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு பாதியை விரித்து வைப்பார்.

ஒருநாள் மொட்டைமாடித் தொட்டி காலியாகி, குழாய் தானாகவே நின்றுவிட்டது. நான் சந்தோஷப்பட்டு முடிப்பதற்குள் மாடியிலிருந்து எல்லோரும் ஓடி வந்தார்கள். தலைவர் முகத்தில் ஈ ஆடவில்லை. தரை காய்ந்தால் இதுவரை பார்த்தது எல்லாம் வீணாம். இரண்டு பட்டதாரிகளை நியமித்து, அளவுக் குவளையில் தண்ணீர் கொண்டுவந்து, குழாய் ஒழுகிய அதே வேகத்தில் சொட்டுச் சொட்டாக ஊற்ற வைத்தார்கள். அவர்களில் ஒருவர் என்னிடம், இந்த வேலைக்குப் பலத்த போட்டி இருந்தது என்று பெருமையாகச் சொன்னார்.

*

இவ்வளவு செய்தும் யாரும் விழவில்லை. இருட்டையும் தண்ணீரையும் பார்த்துவிட்டு நடக்க முடிந்தவர்கள் எல்லோரும் நடப்பதை நிறுத்திக் கட்டிலிலேயே பாத்திரம் வாங்கிக்கொண்டார்கள். நடந்தது என் வீட்டுக்காரி ஒருத்திதான். நடக்காவிட்டால் கால் போய்விடும் என்று மருத்துவர் சொன்னது அவளுக்கு ஞாபகம் இருந்தது. நான் அவள் முழங்கையைப் பிடித்துக்கொள்வேன். இருட்டில் ஒவ்வொரு அடியாக வைத்துப் போவோம், வருவோம்.

தலைவர் என்னைக் கூப்பிட்டார். இந்தத் தடவை எழுந்து நிற்கவில்லை.

"ஐயா, உங்களால எங்களுக்குப் பெரிய நஷ்டம். உங்க மனைவி ஒருத்தங்கதான் அந்தத் தரையில நடக்கறாங்க. அவங்களும் விழ மாட்டேங்கறாங்க. அவங்க விழாதது தரையோட தகுதியா, உங்க கையோட தகுதியா? எங்களுக்கு எப்படித் தெரியும்?"

"என் கைதாங்க."

"பாத்தீங்களா, ஒத்துக்கிட்டீங்க. காரணத்துக்கும் விளைவுக்கும் நடுவுல புகுந்து குட்டையைக் குழப்பறதுக்கு எங்க படிப்புல ஒரு பேர் இருக்கு. குழப்பும் காரணி. நீங்க ஒரு குழப்பும் காரணி."

நாற்பது வருஷம் குடும்பம் நடத்தியதற்கு இப்படி ஒரு பட்டம் எனக்குக் கிடைக்கும் என்று நினைக்கவில்லை. நடைவழியின் வாயில் சிவப்புப் பட்டையால் ஒரு கோடு ஒட்டினார்கள். நான் அதைத் தாண்டக் கூடாது.

"அவ விழுந்தா?" என்று கேட்டேன்.

"விழணும்னு நாங்க யாரையும் கட்டாயப்படுத்த மாட்டோம்" என்றார் தலைவர். "அதுக்கு நெறிமுறைக் குழு இருக்கு. யாரும் தள்ளக் கூடாது, தானா விழணும்னு கறாரா சொல்லியிருக்காங்க."

"அவளை நான் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்."

"தாராளமா. கீழ மருத்துவர்கூட, புண் ஆறிடுச்சு, போகலாம்னு சொல்லிட்டார். ஆனா ஒரு தடவையாவது தனியா நடந்து, விழுந்தாங்களா விழலையான்னு நாங்க குறிச்சுக்கிட்டாதான் எங்க கையெழுத்து கிடைக்கும். முடிவு தெரியாம ஒருத்தரை வெளிய அனுப்பினா எங்க அட்டவணையில ஓட்டை விழுந்துடும். நாளைக்கு மேலிடத்துலருந்து பார்வையாளர்கள் வேற வர்றாங்க. நாளைக்கே முடிச்சிடலாம்."

நான் கீழே வந்து வீட்டுக்காரியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் தலைமுடியைச் சீவிக் கொண்டை போட்டுக்கொண்டே கேட்டாள்.

"நாளைக்கு நடந்தா விட்டுடுவாங்களா?"

"விழாம நடந்தா."

"விழுந்தாலும்தான் விட்டுடுவாங்க. அவங்களுக்கு ரெண்டும் ஒண்ணுதான்" என்றாள். கொண்டை ஊசியைப் பல்லில் கடித்துக்கொண்டு எதையோ யோசித்தாள். முப்பது வருஷத்துக்கு முன்னால் வீட்டுச் சொந்தக்காரர் தண்ணீரை நிறுத்தியபோதும் இப்படித்தான் ஊசியைக் கடித்தாள். அந்த வீட்டுச் சொந்தக்காரர் கடைசியில் தன் கையாலேயே வாளி தூக்கினார்.

*

மறுநாள் காலையில் தலைவர், இரண்டு கட்சிக்காரர்கள், மணிமாலை அம்மா எல்லோரும் நடைவழியில் கட்டிய திரைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டார்கள். கவனிக்கிறார்கள் என்று தெரிந்தால் நோயாளி இயல்பாக விழ மாட்டாராம். வார்டிலிருந்து வந்த கொஞ்ச வெளிச்சத்தில் திரைக்கு அடியில் வரிசையாகச் செருப்புகள் தெரிந்தன. கட்டம் மட்டும் ஒரு சின்ன டார்ச்சோடு வெளியே நின்றாள். டார்ச்சு தாளைப் பார்ப்பதற்கு மட்டும். நான் சிவப்புக் கோட்டுக்கு இந்தப் பக்கம்.

என் வீட்டுக்காரி வாக்கரை ஊன்றிக்கொண்டு இருட்டுக்குள் போனாள். வாக்கரின் சத்தம் கேட்டது. டக், அப்புறம் அவள் செருப்பு தேய்கிற சத்தம். டக், தேய்ப்பு. சொட்டுச் சத்தம் இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் போனதும் வாக்கர் நின்றது.

நான் செருப்பு கோட்டில் முட்டும்வரை முன்னால் போனேன்.

"ஏங்க" என்று அவள் குரல் வந்தது. "இருக்கீங்களா?"

"கோட்டுக்கு இந்தப் பக்கம் இருக்கேன்."

"அங்கயே இருங்க. நான் இங்க நிக்கறேன்."

நின்றாள். அவ்வளவுதான். ஈரத்துக்கு ஒரு சாண் முன்னால் வாக்கரை ஊன்றி அப்படியே நின்றாள். டார்ச்சு வெளிச்சம் தாளில் அலைந்தது. கட்டம் மெதுவாகக் கேட்டாள்.

"அம்மா, போகலையா?"

"இல்லை."

"திரும்பப் போறீங்களா?"

"இல்லை."

"அப்ப விழப் போறீங்களா?"

"நான் ஏன்டி விழறேன். தரை காஞ்சதும் போவேன்."

திரைக்குப் பின்னால் குசுகுசுவென்று பேச்சு. செருப்புகள் இடம் மாறின. கடைசியில் தலைவரே வெளியே வந்தார்.

"அம்மா, தரை காயாது. அது காயாம பாத்துக்கத்தான் ஆள் போட்டிருக்கோம்."

"அப்ப நான் நிக்கறேன்."

"நிக்கறதுக்கு எங்ககிட்ட கட்டம் இல்லைம்மா. விழுந்தார், விழவில்லை, ரெண்டுதான் இருக்கு."

"நான் விழலை."

"தாண்டின பிறகுதான் விழலைன்னு போட முடியும். தாண்டாம நிக்கறவங்க விழலைன்னு எப்படிச் சொல்றது? நீங்க இன்னும் ஒண்ணுமே ஆகலை."

"அப்ப ஒண்ணுமே ஆகாம இருக்கேன்" என்றாள். "நர்ஸம்மா, ஒரு நாற்காலி கொண்டாம்மா."

நர்ஸம்மா நாற்காலியைக் கொண்டுவந்து அவளுக்குப் பின்னால் போட்டாள். அவள் பார்த்து உட்கார்ந்தாள். உட்காருவதற்கும் கட்டம் இல்லை.

பார்வையாளர்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள் என்று காவலாளி ஓடிவந்து சொன்னார். அட்டவணையில் கடைசிக் கட்டம் காலியாக இருந்தது. எண்ணுகிற கட்சி, அவளை ஆய்வில் இல்லவே இல்லை என்று வைத்துக்கொள்ளலாம் என்றது. அவளை எடுத்துவிட்டால் ஆய்வில் நடந்தவர் என்று ஒருவருமே இருக்க மாட்டார்கள் என்று யாரோ நினைவுபடுத்தினார்கள். கேட்கிற கட்சி, நிற்பதன் பொருளைப் பற்றி அவளிடம் பேசலாம் என்றது. தலைவர் அவள் முன்னால் குனிந்தார்.

"அம்மா, கெஞ்சிக் கேக்கறேன். ஒண்ணு விழுங்க, இல்லை தாண்டுங்க."

"துடைங்க, தாண்டறேன்."

"துடைச்சா அது தலையீடு ஆயிடும்மா."

"அப்ப நான் உக்காந்திருக்கேன். எனக்கு வீட்ல அவசர வேலை ஒண்ணும் இல்லை."

வாசலில் பேச்சுச் சத்தம் பக்கத்தில் வந்தது. தலைவர் துடைப்பம் கேட்டார். துடைப்பம் பூட்டிய அறையில் இருந்தது. சாவி விடுப்பில் போன அம்மாவிடம் இருந்தது. அவர் வெள்ளைக் கோட்டைக் கழற்றி நர்ஸம்மாவிடம் கொடுத்தார், தரையில் மண்டியிட்டார், கைக்குட்டையால் துடைக்க ஆரம்பித்தார்.

அவரைப் பார்த்து எண்ணுகிற கட்சி மண்டியிட்டது. கேட்கிற கட்சியும் மண்டியிட்டது. இரண்டு கட்சியும் ஒன்றாக ஒரு வேலை செய்ததை அன்றுதான் பார்த்ததாக நர்ஸம்மா பிறகு சொன்னாள். ஊற்றுகிற பட்டதாரிகள் மட்டும், நிறுத்தச் சொல்லி உத்தரவு வராததால், துடைக்கத் துடைக்க ஊற்றிக்கொண்டிருந்தார்கள். தலைவர் கத்தியதும் நிறுத்தினார்கள்.

"அந்த மூலையில இன்னும் பளபளன்னு இருக்கு" என்றாள் என் வீட்டுக்காரி.

"இருட்டுல எங்கம்மா தெரியுது?"

"அப்ப விளக்கைப் போடுங்க."

விளக்கை மாட்டினார்கள். மூலையைத் துடைத்தார்கள். சாயம் பூசிய இடம் வழுக்கும் என்றாள். அதன் மேல் தலைவர் தன் கோட்டையே விரித்தார். அவள் எழுந்தாள், வாக்கரை ஊன்றினாள், கோட்டின் மேல் நடந்து அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தாள்.

கட்டம் டார்ச்சை அணைத்துவிட்டு 'விழவில்லை' என்பதில் ஒரு கோடு போட்டாள். உள்ளே நுழைந்த பார்வையாளர்கள் கை தட்டினார்கள். எதற்கு என்று அவர்களுக்குத் தெரியாது. அவர்கள் உயர்ந்த பார்வையாளர்கள்.

அன்று பிற்பகல் தலைவர் பேசினார். கோட்டு இல்லாமல், முழங்காலில் ஈரத்தோடு பேசினார். கால்மிதிக் குழுவில் யாரும் விழவில்லை என்றார். வரைந்த கால்மிதிக் குழுவில் ஈரத்தைக் கடந்த ஒரே நோயாளியும், எந்த உதவியும் இல்லாமல் பத்திரமாகக் கடந்தார் என்றார். ஆகவே ஈரத் தரை ஆபத்தானது என்று நிரூபணம் ஆகவில்லை, உண்மையான கால்மிதியும் வரைந்த கால்மிதியும் ஒரே பலன் தருகின்றன, வரைந்தது மலிவு என்றார். துடைத்ததைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. துடைப்பது ஆய்வின் வடிவமைப்பில் இல்லை.

என் கயிற்றுக் கால்மிதியைக் கேட்டேன். அது ஓவியருக்கு மாதிரியாக வேண்டியிருக்கிறதாம், கொடுக்க முடியாது என்றார்கள்.

கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பினோம். நடைவழி முழுக்க, மாடிப்படி முழுக்க, ஓவியர்கள் முட்டி போட்டுக் கால்மிதி வரைந்துகொண்டிருந்தார்கள். ஒவ்வொன்றிலும் மூலையில் கயிறு பிரிந்திருந்தது. நான் வீட்டுக்காரியின் முழங்கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் ஒரு படத்தையும் மிதிக்காமல் சுவரோரமாகவே நடந்தாள். வளைவில் குழாய் பழையபடி ஒழுகிக்கொண்டிருந்தது.

வாசலில் கட்டம் மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

"அம்மா, ஒரே ஒரு கேள்வி. வீட்டுக்குப் போன பிறகும் உங்களைத் தொடர்ந்து கவனிக்கணும்னு ஐயா சொல்லியிருக்கார். உங்க வீட்ல ஏதாவது குழாய் ஒழுகுதா?"

"இல்லை."

"இனிமே ஒழுகினா என்ன பண்ணுவீங்க?"

"சரி பண்ணுவோம்" என்றாள் என் வீட்டுக்காரி.

கட்டம் தாளை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். திருப்பிப் பின்பக்கமும் பார்த்தாள். பேனாவால் நெற்றியைச் சொறிந்தாள். பிறகு ஓரத்தில், சின்ன எழுத்தில், 'பதில் தெளிவாக இல்லை' என்று எழுதிக்கொண்டாள்.